ஆம்பூரில் லாஸ்ட் என்றால் என்ன?

(நூலக வாசகர்கள் முன்னிலையில் ஆம்பூரில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



ஆங்கிலச் சொல் ஒன்றின் பல பொருள்களைப் பற்றிப் பேசுங்கள் என்றார்கள். எந்தச் சொல் என்பதை என் விருப்பத்துக்கு விட்டுவிட்டார்கள். அகராதிக்காரர்களைக் கேட்டிருந்தால் 'ரன்' என்று சொல்லியிருப்பார்கள். ஆக்ஸ்ஃபோர்டு பேரகராதியின் 1989 ஆம் ஆண்டுப் பதிப்பு வரைக்கும் 'செட்' என்ற வினைதான் முதலிடத்தில் இருந்தது, சுமார் 430 பொருள்களோடு. அடுத்த பதிப்புக்காகத் திருத்தும்போது 'ரன்' 645 பொருள்களோடு அதை முந்திவிட்டது. ஓடுவது, கம்பெனி நடத்துவது, தேர்தலில் நிற்பது, மூக்கு ஒழுகுவது, துணியில் சாயம் போவது எல்லாமே ரன்தான். ஆனால் அதைச் சென்னையிலும் பேசலாம், மதுரையிலும் பேசலாம். ஆம்பூரில் பேசுவதற்கென்றே ஒரு சொல் இருக்கிறது. ஆங்கிலத்தில் நான்கே எழுத்து: லாஸ்ட்.

முன்வரிசையில் இருக்கும் மாணவர்கள் 'கடைசி' என்கிறார்கள். கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி நேரே இங்கே வந்திருக்கும் பின்வரிசைச் சகோதரிகள் கையாலேயே ஒரு பாதத்தின் வடிவத்தைக் காட்டுகிறார்கள். இந்த இரண்டு வரிசைக்கும் நடுவில்தான் இன்றைய பேச்சு.

கடைசி என்ற பொருளைத் தமிழ்நாட்டில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. லாஸ்ட் பஸ், லாஸ்ட் பெஞ்ச், லாஸ்ட் டேட். மாசம் லாஸ்ட்ல கையில காசு இருக்காது. பஜாரில் 'லாஸ்ட் எவ்ளோ பாய்?' என்று கேட்கிறோம். அந்த லாஸ்ட்டுக்குப் பின்னால் இன்னும் இரண்டு லாஸ்ட் இருக்கிறது என்பது கேட்பவருக்கும் தெரியும், சொல்பவருக்கும் தெரியும். லண்டன் கடைத்தெருவில் இப்படிக் கேட்டால் விழிப்பார்கள். பேரம் பேசுகிற நம் நாட்டார் அந்தச் சொல்லுக்குச் சேர்த்துக்கொடுத்த பொருள் இது. ஆக்ஸ்ஃபோர்டில் இடம் கேட்டு மனுப் போடலாம்.

இந்த லாஸ்ட் எங்கிருந்து வந்தது? 'லேட்' என்பதிலிருந்து. லேட், லேட்டர், லாஸ்ட். எல்லாரையும் விடத் தாமதமாக வருவது எதுவோ அது லாஸ்ட். பிற்காலத்தில் ஆங்கிலேயர் 'லேட்டஸ்ட்' என்று இன்னொன்றைப் புதிதாகச் செய்துகொண்டார்கள். ஒரே வயிற்றில் பிறந்த இரண்டும் இன்றைக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்கின்றன. லேட்டஸ்ட் மாடல் என்றால் பெருமை; லாஸ்ட் மாடல் என்றால் கம்பெனி இழுத்து மூடப்போகிறது என்று அர்த்தம். உயிரோடிருக்கும் எழுத்தாளர் ஒருவரின் புதுப் புத்தகத்தை 'லாஸ்ட் புக்' என்று அச்சடித்துவிட்டால் அவர் வீட்டுக்கு மாலை போய்ச் சேர்ந்துவிடும். அதே லாஸ்ட், 'வீக்' என்ற சொல்லுக்கு முன்னால் வந்தால் முடிவைக் காட்டுவதில்லை, வெறும் போன வாரம்தான். பள்ளிக்கூடப் பிள்ளைகள் இதையெல்லாம் பிழையில்லாமல் கையாளுகிறார்கள். ஆகவே இதோடு விடுகிறேன்.

இரண்டாவது லாஸ்ட் வினைச்சொல். ஒரு பொருள் கெடாமல் இருப்பது, ஒரு மழை ஓயாமல் இருப்பது, கையில் இருக்கிற பணம் மாதம் முழுக்க வருவது. பாடநூல் இதை 'நீடித்தல்' என்று மொழிபெயர்க்கும். செருப்புக் கடையில் யாராவது 'இது நீடிக்குமா?' என்று கேட்டு நீங்கள் கேட்டிருக்கிறீர்களா? 'எத்தனை மாசம் உழைக்கும்?' என்று கேட்போம். இல்லையென்றால் 'தாங்குமா?' என்போம். உழைக்கும், தாங்கும் என்ற இந்த இரண்டு சொல்லையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் பின்னால் வேலை இருக்கிறது.

மூன்றாவதுதான் ஷூ கம்பெனிகள் நிறைந்த இந்த ஊரின் லாஸ்ட். இந்த உரை அச்சில் வெளியூர்க்காரர் கைக்கும் போகும் என்பதால், உங்களுக்குத் தெரிந்ததையே கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஷூ செய்ய ஒரு கால் வேண்டும். போடப்போகிறவர் காலைக் கேட்க முடியாது. அவர் ஜெர்மனியில் இருக்கிறார், இத்தாலியில் இருக்கிறார், எப்போது வாங்குவார் என்று அவருக்கே தெரியாது. அவருக்குப் பதிலாகக் கம்பெனியில் நிற்கிற கால்தான் லாஸ்ட். முன்பு மரத்தில் செய்தார்கள். இப்போது பெரும்பாலும் கெட்டியான பிளாஸ்டிக். கட்டிங்கில் வெட்டி, ஸ்கைவிங்கில் ஓரம் சீவி, ஸ்டிச்சிங்கில் தைத்து வரும் அப்பர், அதாவது ஷூவின் மேல்பகுதி, தொளதொளவென்று இருக்கும். அதைப் பார்த்து அது ஷூ ஆகும் என்று வெளியாள் நம்பமாட்டார். லாஸ்ட்டின் அடியில் இன்சோலைப் பொருத்துகிறார்கள். அப்பரைச் சூட்டிலும் ஆவியிலும் இளக்கி லாஸ்ட்டின் மேல் போர்த்தி, விளிம்பைப் பிடித்து இழுத்து அடியில் மடித்து ஒட்டுகிறார்கள். முன்பக்கம் செய்வது டோ லாஸ்ட்டிங், பின்பக்கம் செய்வது ஹீல் லாஸ்ட்டிங். இழுப்பு ஒரு பக்கம் கூடினால் ஷூ கோணிக்கொள்ளும். குறைந்தால் சுருக்கம் விழும். அப்புறம் சூட்டுக்குள் போய்த் தோல் அந்த வடிவத்துக்குப் பழகுகிறது. அடியைச் சுரண்டி, பசை தடவி, சோலை வைத்து அழுத்தி, குளிரவைத்து, எல்லாம் முடிந்தபின் லாஸ்ட்டை உருவுகிறார்கள். அதற்கு டீலாஸ்ட்டிங் என்று பெயர். ஒரு முழுப் பாதம் ஷூவின் குறுகிய வாய் வழியே வெளியே வர வேண்டுமே! அதற்காக லாஸ்ட்டின் நடுவில் வெட்டிக் கீல் வைத்து, மடங்கும்படி செய்திருப்பார்கள்.

இதில் வெளியார் தவறாக எண்ணிக்கொள்வது ஒன்று உண்டு. லாஸ்ட் காலின் நகல் என்று நினைப்பார்கள். காலை அப்படியே அச்செடுத்து ஷூ செய்தால் பத்தடி நடக்க முடியாது. நடக்கும்போது கால் முன்னால் தள்ளும், ஆகவே விரலுக்கு முன்னால் இடம் விட வேண்டும். முனை தரையைத் தொடாமல் கொஞ்சம் தூக்கியிருக்க வேண்டும். அதற்கு டோ ஸ்பிரிங் என்று பெயர். குதி உயர உயர நடுவளைவு மாறும். நிற்கிற காலைப் பார்த்து, நடக்கப்போகிற காலை ஊகித்துச் செதுக்கியது லாஸ்ட். அதன் மேல் போட்டிருக்கும் சைஸ் எண்ணிலும் ஒரு கதை இருக்கிறது. ஐரோப்பிய சைஸ் ஒன்றுக்கு ஒரு சென்டிமீட்டரில் மூன்றில் இரண்டு பங்கு. 42 என்றால் லாஸ்ட்டின் நீளம் 28 சென்டிமீட்டர். ஆங்கிலேயர் சைஸ் ஒன்றுக்கு அங்குலத்தில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது ஒரு பார்லி மணியின் நீளம். எட்டு நெல் ஒரு விரல் என்று அளந்தவர்கள் நாம். தானியத்தால் காலை அளப்பதில் நமக்கு ஆச்சரியம் இருக்க நியாயமில்லை.

இடதுக்கு ஒன்று, வலதுக்கு ஒன்று என்பதுகூட ஆதிமுதல் இருந்த ஏற்பாடு என்று நினைக்க வேண்டாம். ஐரோப்பாவில் குதி உயர்ந்த ஷூ வந்தபின், ஏறக்குறைய 1600 முதல் 1800 வரை, பெரும்பாலும் இரண்டு காலுக்கும் ஒரே மாதிரியான நேர் லாஸ்ட்தான். ஒன்றுக்கொன்று எதிர்வளைவாக இரண்டு கட்டையைக் கையால் செதுக்குவது அவ்வளவு கஷ்டம். அமெரிக்காவில் தாமஸ் பிளாஞ்சார்ட் என்பவர் 1819 இல் ஒரு கடைசல் இயந்திரத்துக்குக் காப்புரிமை வாங்கினார். ஒரு மாதிரியை மாட்டிவிட்டால் அதே வளைவு நெளிவோடு வேறொரு கட்டையைக் கடைந்து தரும். துப்பாக்கியின் மரப்பிடியைக் கடைவதற்காக வந்த அந்த இயந்திரம் லாஸ்ட் செய்யவும் பயன்பட்டது. துப்பாக்கியும் லாஸ்ட்டும் இன்னோர் இடத்திலும் சந்திக்கப்போகின்றன.

இப்போது இந்தச் சொற்களின் உறவுமுறையைப் பார்ப்போம். பழைய ஆங்கிலத்தில் லாஸ்ட் என்றால் கால்தடம், அடிச்சுவடு. அதிலிருந்து ஒரு கிளை, காலின் வடிவம் என்ற பொருளில் போய் ஷூ செய்கிறவர் கையில் நின்றது. இன்னொரு கிளை வினைச்சொல் ஆயிற்று. முதலில் அதற்குப் பொருள், தடத்தைப் பின்பற்றிப் போவது. அப்புறம், ஏற்றுக்கொண்ட காரியத்தை விடாமல் செய்து முடிப்பது. அப்புறம்தான் விடாமல் இருப்பது, கெடாமல் இருப்பது. ஜெர்மன் மொழியில் இன்றைக்கும் 'லைஸ்டன்' என்ற ஒரே சொல் செய்து முடிப்பதையும் குறிக்கிறது, ஷூ லாஸ்ட்டையும் குறிக்கிறது. ஆக, வேலை செய்வது என்ற பொருளிலிருந்துதான் கெடாமல் இருப்பது என்ற பொருள் முளைத்திருக்கிறது. 'இந்தச் செருப்பு ஆறு மாசம் உழைக்கும்' என்று சொல்கிற ஆம்பூர்க்காரருக்கு இதை விளக்க வேண்டுமா என்ன? ஆங்கிலேயர் நடந்த அதே வழியில் தமிழும் தனியாகவே நடந்து வந்திருக்கிறது.

இந்தச் சுவட்டுக் குடும்பம் பெரியது. கற்றுக்கொள்வது என்ற பொருளுள்ள 'லேர்ன்' இதன் தூரத்து உறவு. தடம் பிடித்துப் போவதுதான் அதன் பழம்பொருள். ஆஸ்பத்திரியில் கேள்விப்படும் 'டெலீரியம்', காய்ச்சல் வேகத்தில் பிதற்றுவது, அதுவும் இதே வேரில் லத்தீன் வழியாக வந்தது. அங்கே அதன் நேர்ப்பொருள் உழவுசால் விலகிப் போவது. ஏர் சாலை விட்டு விலகினால் உழவருக்கு வரும் எரிச்சல் தெரிந்தவர்கள், பிதற்றலுக்கு அந்தப் பெயர் வைத்த லத்தீன்காரரை மெச்சுவார்கள்.

கடைசி என்ற லாஸ்ட்டுக்கு மட்டும் இந்தக் குடும்பத்தோடு இரத்த சம்பந்தம் இல்லை. காலப்போக்கில் ஓசை தேய்ந்து ஒன்றுபோல ஆகிவிட்டது, அவ்வளவுதான்.

நான்காவது ஒரு லாஸ்ட் இருந்தது. இப்போது வழக்கில் இல்லை. அதற்குப் பொருள் பாரம், சுமை. ஹெர்ரிங் மீன், கம்பளி, வெடிமருந்து, தோல் ஆகியவற்றை ஐரோப்பியத் துறைமுகங்களில் லாஸ்ட் கணக்கில் எண்ணினார்கள். சரக்குக்குச் சரக்கு, ஊருக்கு ஊர் அளவு வேறுபடும். இதுவும் பிறப்பால் வேறு சொல்தான். கப்பல் சாயாமலிருக்க அடியில் போடும் வெற்றுப் பாரத்துக்கு 'பேலஸ்ட்' என்று பெயர். அதன் பின்பாதி இந்த லாஸ்ட்தான் என்பது சொல்லாராய்ச்சியாளர் பெரும்பாலோர் கருத்து. ஆம்பூர் வழியாகச் சென்னைக்கும் ஜோலார்பேட்டைக்கும் போகும் தண்டவாளத்தின் அடியில் கிடக்கிறதே ஜல்லி, அதற்கும் ரயில்வேக்காரர் பேலஸ்ட் என்றுதான் சொல்கிறார்கள். நம் கையில் வைத்திருந்த இரண்டாவது சொல்லை இப்போது எடுக்கலாம். தூண் பாரத்தைத் தாங்குகிறது. செருப்பு ஒரு வருஷம் தாங்குகிறது. ஆங்கிலத்தில் வேறு வேறு வயிற்றில் பிறந்த இரண்டு லாஸ்ட்டையும் தமிழ் ஒரே வினையில் முடித்துக்கொண்டது.

அப்படியானால் லாஸ்ட் என்பது ஒரு சொல்லா, நான்கு சொல்லா? ஆங்கில அகராதி வேரைப் பார்த்துத் தனித்தனிப் பதிவாகப் பிரிக்கும். நம் நிகண்டுக்காரர்கள் அப்படிப் பிரித்தவர்கள் இல்லை. ஓசை ஒன்றானால் ஓரிடம். மண்டல புருடர் செய்த சூடாமணி நிகண்டின் பதினோராம் தொகுதி முழுக்க ஒரு சொல்லுக்குப் பல பொருள் சொல்வது. திண்ணைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் அதை மனப்பாடம் செய்தார்கள். அவர்களுக்கு முன்னரே தொல்காப்பியர் உரியியலில் 'கடி' என்ற ஒரே சொல்லுக்குக் கூர்மை, காவல், புதுமை, விரைவு, அச்சம், சிறப்பு என்று பத்துப் பொருள் அடுக்கி, அப்புறமும் தீராமல் இரண்டு சேர்க்கிறார். நாய் கடிப்பது அந்தப் பட்டியலில் வரவில்லை. கல்லூரிப் பிள்ளைகளின் கடி ஜோக்கும் வரவில்லை.

நம்மிடம் 'அடி' இருக்கிறது. பாதம் அடி. பன்னிரண்டு அங்குலம் அடி. பானையின் கீழ்ப்பகுதி அடி. ஓங்கி விடுவதும் அடி. செய்யுளின் ஒரு வரி அடி. ஆங்கிலத்திலும் 'ஃபுட்' பாதம், அளவு, செய்யுள் உறுப்பு மூன்றையும் குறிக்கும். ஆனால் அவர்கள் செய்யுளில் ஃபுட் என்று சொல்வதற்கு நாம் சொல்வது சீர். நாம் அடி என்பதை அவர்கள் லைன் என்பார்கள். யாப்பிலக்கணத்தை மொழிபெயர்க்கப் போகிறவர் இதில் ஒருமுறையாவது தடுக்கி விழுவார். வேர்வழிப் பிரிப்பது ஆராய்ச்சிக்கு நல்லது. பேசுகிற வாய்க்கு நிகண்டுதான் நல்லது என்பது என் கட்சி. பேசும்போது யாரும் வேரைத் தோண்டிக்கொண்டிருப்பதில்லை. எந்த இடத்தில் நின்று பேசுகிறோம் என்பதே எந்தப் பொருள் என்பதைத் தீர்த்துவைக்கிறது. பஸ் ஸ்டாண்டில் லாஸ்ட் என்றால் கடைசி. கம்பெனிக்குள் லாஸ்ட் என்றால் கால்.

நான் உங்கள் முன் வைக்க விரும்புகிற கருத்து இதுதான். அகராதியில் பொருள்களுக்கு 1, 2, 3 என்று எண் போட்டிருக்கிறார்கள். யாருடைய வரிசை அது? படித்தவர், எழுதியவர், அவர் படித்த புத்தகங்கள், இவற்றின் வரிசை. பள்ளிக்கூடம் அந்த வரிசையின் முதல் எண்ணோடு நின்றுவிடுகிறது. ஆங்கில இலக்கியத்தில் எம்.ஏ. படித்தவர்களிடம் ஷூ லாஸ்ட்டைக் காட்டிப் பெயர் கேளுங்கள்; பலர் விழிப்பார்கள். பேரணாம்பட்டுப் பக்கத்துக் கிராமத்திலிருந்து காலையில் டிபன் பாக்ஸோடு பஸ் ஏறி வரும் பெண் சொல்வாள். அதில் டோ எது, ஹீல் எது, எதை இழுக்க வேண்டும், எங்கே மடிக்க வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்வாள். பிறகு 'எனக்கு இங்கிலீஷ் வராது சார்' என்றும் சொல்வாள். நமக்கு ஏற்பட்டிருக்கும் கோளாறு அந்தக் கடைசி வாக்கியத்தில் இருக்கிறது.

இந்தத் தொழிலின் சரித்திரத்தையே மாற்றியவர் அப்படிப்பட்ட ஒருவர். யான் எர்ன்ஸ்ட் மாட்ஸெலிகர். தென் அமெரிக்காவில், டச்சுக்காரர் ஆண்ட சுரினாமில், பாராமரிபோ நகரில் 1852 இல் பிறந்தவர். தாய் கறுப்பினத்தவர், தந்தை டச்சு எஞ்சினியர். கப்பலேறி அமெரிக்கா வந்து, 1877 வாக்கில் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் லின் என்ற ஊருக்கு வந்து சேர்ந்தார். லின் அக்காலத்து ஆம்பூர் என்று வைத்துக்கொள்ளுங்கள்; ஊரே ஷூ. வந்தபோது அவருக்கு ஆங்கிலம் சொற்பம். அங்கே வெட்டுவதற்கும் தைப்பதற்கும் மெஷின் வந்துவிட்டிருந்தது. லாஸ்ட்டின் மேல் அப்பரை இழுத்து மடிக்கும் வேலை மட்டும் கையில் நின்றது. தேர்ந்த ஆள் ஒரு நாளைக்கு சுமார் 50 ஜோடி செய்வார். இந்த வேலையை எந்த மெஷினும் செய்யாது என்று அவர்கள் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டிருந்தார்கள். அதனாலேயே கூலியும் கூடுதலாக இருந்தது. மாட்ஸெலிகர் அவர்கள் கைகளைப் பார்த்துக்கொண்டே இருந்தார். கம்பி, மரத்துண்டு, சுருட்டுப் பெட்டி என்று கிடைத்ததை வைத்து மாதிரிகள் செய்தார். 1883 மார்ச் 20 ஆம் தேதி அவருடைய லாஸ்ட்டிங் மெஷினுக்குக் காப்புரிமை கிடைத்தது. அது ஒரு நாளைக்கு 150 முதல் 700 ஜோடி வரை செய்தது. ஷூ விலை சரிந்தது. கைவேலைக்காரர் கூலியும் சரிந்திருக்கும் என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். 1889 இல் காசநோயில் இறந்துபோனார். நாற்பது வயதுகூட ஆகவில்லை. இன்று ஆம்பூர்க் கம்பெனிகளில் நிற்கும் டோ லாஸ்ட்டிங் மெஷினின் பரம்பரையைப் பின்னோக்கிப் பிடித்துக்கொண்டு போனால் அவர் வாசலில் போய் நிற்கும்.

இனி ஒரு பழமொழி. 'செருப்புத் தைக்கிறவன் தன் லாஸ்ட்டோடு நிற்கட்டும்' என்று ஆங்கிலத்தில் சொல்வார்கள். ரோமானியர் பிளினி எழுதிவைத்த கதையிலிருந்து வந்தது. அப்பெல்லஸ் என்ற கிரேக்க ஓவியர் தம் படத்தைத் தெருவில் வைத்துவிட்டு மறைந்து நின்று, போகிறவர் வருகிறவர் சொல்வதைக் கேட்பாராம். செருப்புத் தைப்பவர் ஒருவர், படத்திலுள்ள செருப்பில் ஒரு வளையம் குறைகிறது என்றார். ஓவியர் திருத்திவிட்டார். மறுநாள் அதே ஆள் வந்து, காலும் சரியில்லை என்றார். ஓவியருக்குக் கோபம் வந்துவிட்டது. செருப்புக்கு மேலே பேசாதே என்று சொல்லிவிட்டார். பிளினியின் லத்தீனில் இருப்பது செருப்பு. அதை லாஸ்ட் ஆக்கியவர்கள் ஆங்கிலேயர். ஷேக்ஸ்பியர் ரோமியோ ஜூலியட்டில் இந்தப் பழமொழியைக் கலைத்துப்போட்டு விளையாடுகிறார். எழுதப் படிக்கத் தெரியாத வேலைக்காரன் ஒருவன், லாஸ்ட்டைத் தையற்காரனிடமும் அளவுகோலை ஷூக்காரனிடமும் கொடுத்துவிடுகிறான். பார்ப்பவர் சிரிப்பார்கள். அவன் கையில் இருந்த காகிதத்தைப் படிக்கத் தெரியாததும் சிரிப்பாகத்தான் காட்டப்படுகிறது.

நான் இந்தக் கதையில் செருப்புத் தைப்பவர் பக்கம். நாள் முழுக்கக் காலையே பார்த்துக்கொண்டிருப்பவருக்குக் காலைப் பற்றிச் சொல்ல உரிமை இல்லையென்றால் வேறு யாருக்கு இருக்கிறது? ஐரோப்பாவில் இந்தப் பழமொழி அடக்கத்தைப் போதிப்பதாகத் தோன்றலாம். தோலைத் தொட்டவரை ஊருக்கு வெளியே வைத்த நாட்டில் இதை அப்படிக் கேட்க முடியாது. 1953 இல் ராஜாஜி அரசு கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டம், பாதி நேரம் பள்ளி, மீதி நேரம் வீட்டாரின் தொழில் என்றது. குலக்கல்வி என்று பெயர் சூட்டி எதிர்த்தார்கள் பெரியாரும் மற்றவர்களும். அடுத்த ஆண்டு காமராசர் முதலமைச்சரானார், திட்டம் கைவிடப்பட்டது. அதே 1954 இல் அவர் இடைத்தேர்தலில் நின்று வென்று சட்டமன்றத்துக்குள் போனது நம் பக்கத்துக் குடியாத்தத்திலிருந்து. அந்தப் பழமொழியை யாராவது மேடையில் சொன்னால் குடியாத்தத்தை நினைவுபடுத்துங்கள்.

ஆம்பூரில் லாஸ்ட்டுக்கு இன்னொரு பெயரும் தெரிந்தவர்கள் இருக்கக்கூடும். உருதுவில் 'கால்பூத்' என்பார்கள். தமிழ்க் காதுக்கு இதில் 'கால்' கேட்கிறது, 'பூட்'டும் கேட்கிறது. காலுக்கு பூட், ஆகவே கால்பூத் என்று ஒரு கட்டுரை எழுதிவிடலாம். எழுதாதீர்கள். கிரேக்கத்தில் கட்டைக்குக் 'கலோன்', பாதத்துக்குப் 'பூஸ்', சேர்ந்து கட்டைப்பாதம். நமக்குக் கால் என்று கேட்பது அங்கே கட்டை. அந்தக் கிரேக்கச் சொல் பாரசீகம் அரபு வழியாக அச்சு, வார்ப்பு என்ற பொருளோடு கிழக்கே உலாவியது. அரபியில் 'காலிப்' ஆகி, பிறகு இத்தாலி, பிரான்ஸ் வழியாக மேற்கே திரும்பி, துப்பாக்கிக் குழாயின் உள்விட்டம் என்ற பொருளில் 'காலிபர்' ஆயிற்று என்பது பெரும்பாலோர் ஏற்கும் வரலாறு. பிறகு மனிதரின் தரத்துக்கும் அதே பெயர். பெரிய பதவிக்கு வருகிறவரைப் பார்த்து 'அவருக்கு அந்த காலிபர் இல்லை' என்று நாம் சொல்லும்போது, செருப்புத் தைக்கிறவரின் மரக்கட்டையை வைத்துத்தான் அளந்துகொண்டிருக்கிறோம்.

தமிழ் எழுத்தில் எழுதும்போது இந்தச் சொல்லுக்கு இன்னும் ஒன்று கூடுகிறது. ஆங்கிலத்தில் தொலைந்துபோனது என்பதற்கு உள்ள சொல்லையும் நாம் லாஸ்ட் என்றே எழுதுகிறோம். கொஞ்சம் தள்ளினால் 'லாஸ்', நஷ்டம். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைப் பகுதியில் லாஸ் என்ற சொல் நீதிமன்றம் வரைக்கும் போயிருக்கிறது. தோல் ஷாப்பு என்று நாம் சொல்லும் பதனிடும் ஆலைகளின் கழிவு பாலாற்றையும் நிலத்தடி நீரையும் கெடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28 அன்று தீர்ப்புச் சொன்னது. மாசுபடுத்தியவரே ஈடு கொடுக்க வேண்டும் என்ற கோட்பாட்டுக்கு இந்தியச் சட்டப் புத்தகங்கள் இன்றும் காட்டும் மேற்கோள், வேலூர் வழக்கு என்று பெயர்பெற்ற இதுதான். நஷ்ட ஈட்டைக் கணக்கிட ஏற்பட்ட அமைப்பின் பெயர் 'லாஸ் ஆஃப் ஈகாலஜி அத்தாரிட்டி'. ஆங்கிலமாகப் பார்த்தால் கொஞ்சம் முடமான பெயர். ஆனால் கிணற்று நீரை வாயில் வைக்க முடியாமல் போன விவசாயிக்கு அதில் இலக்கணப் பிழை எதுவும் தெரிந்திருக்காது. ஷூ எத்தனை நாள் உழைக்கும் என்று கேட்கிற ஊர், கிணறு எத்தனை நாள் தாங்கும் என்றும் கேட்க நேர்ந்தது. லாஸ்ட்டின் பொருள்களைப் பேச வந்த இடத்தில் இதை விட்டுவிட்டால் பேச்சு பாதிதான்.

முடிக்கும் முன் ஒரு கேள்விக்குப் பதில் சொல்லிவிடுகிறேன், எப்படியும் கேட்பீர்கள். இந்த லாஸ்ட்டுக்குத் தமிழ்ச் சொல் என்ன? கட்டை என்று சொல்லலாம். ஆனால் இப்போது கட்டையில் செய்வதில்லை. அச்சு எனலாம், அது பொருந்தும், ஆனால் ஊரில் அச்சு என்றால் வேறு பத்துச் சாமானும் அச்சு. கலைச்சொல் குழுவில் உட்கார்ந்து புதிதாக ஒன்று செய்யலாம்; செய்தவர் மட்டும் பயன்படுத்துவார். லாஸ்ட்டு என்று உகரம் சேர்த்து இரண்டு தலைமுறை புழங்கிவிட்டது. அது தமிழ்ச் சொல்தான் என்று நான் கையெழுத்துப் போடுவேன்.

செய்ய வேண்டியது வேறு. இந்த ஊர்க் கம்பெனிகளிலும் தோல் ஷாப்புகளிலும் புழங்கும் சொற்களைத் திரட்டி ஒரு சிறு அகராதி போட வேண்டும். கிரஸ்ட், வெட் ப்ளூ, கிப்ஸ், ஸ்கைவிங், வாம்ப், டங் என்று ஆங்கிலத்திலிருந்து வந்து ஆம்பூர்க்காரராகிவிட்ட சொற்கள், ஆவாரம் பட்டையும் கடுக்காயும் போட்டுப் பதனிட்ட காலத்துப் பழைய சொற்கள், உருதுச் சொற்கள், எல்லாம். பேராசிரியர்களால் மட்டும் இது ஆகாது. லைனில் நிற்கிறவர்கள் சொல்ல, யாராவது எழுத வேண்டும். தோல் சுருங்கினால் என்ன சொல்வீர்கள், கோணினால் என்ன, பசை பிடிக்காவிட்டால் என்ன, சூப்பர்வைசர் கேட்டால் ஒரு சொல், உங்களுக்குள் பேசினால் ஒரு சொல், இரண்டும் வேண்டும். நூலகத்தார் ஒரு நோட்டைத் திறந்து வைப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள், மேசைமேல் இருக்கிறது. 'லாஸ்ட்டு' என்ற பதிவை நானே எழுதிவிட்டேன். முதல் பொருள்: ஷூ செய்யும் கால். கடைசி என்ற பொருளைக் கடைசியில் போட்டிருக்கிறேன். மற்றவை உங்கள் பாடு.